எபோலா வார்டில் குலுக்கல் முறையில் மருந்து: நியாயமா?

பாலாற்றங்கரை:

வணக்கம். மருத்துவத் துறையினர் பலர் இங்கே எழுதுவதால் கேட்கிறேன். சியரா லியோனில் 2014இல் நடந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கெனெமா அரசு மருத்துவமனையில் லாசா காய்ச்சல் (எபோலா போன்ற இன்னொரு வைரஸ் நோய்) பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஷேக் உமர் கான். எபோலா எல்லை தாண்டி வந்தபோது நோயாளிகளை ஏற்றுக்கொண்டது அந்தப் பிரிவுதான். பிறகு அவருக்கே தொற்றியது. கைலாஹூனில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் சிகிச்சை மையத்தில் சேர்க்கப்பட்டார். அதே மையத்தில் ஸீமேப் என்ற சோதனை மருந்து இருந்தது. குரங்குகளில் நல்ல பலன் கண்ட மருந்து, ஆனால் அதுவரை எந்த மனிதருக்கும் கொடுக்கப்படாதது. மருத்துவர்கள் நெடுநேரம் விவாதித்து, கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவரிடமே இதைக் கேட்கவில்லை என்று பின்னர் செய்தி வந்தது. ஜூலை 29 அன்று இறந்தார். சில நாட்களுக்குள் லைபீரியாவில் இரண்டு அமெரிக்கர்களுக்கு அதே மருந்து ஏற்றப்பட்டது. இருவரும் பிழைத்தார்கள்.

இதுவே பெரிய அநீதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு இன்னொன்று நடந்திருக்கிறது. அதே மருந்தைக் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் விட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒருவர் சாகக்கூடிய நோயில், கையில் மருந்தை வைத்துக்கொண்டு "உனக்கு இல்லை" என்று சீட்டுப் போட்டுச் சொல்வதை எப்படி ஏற்பது? அறிந்தவர்கள் விளக்குங்கள்.

---

வெண்சங்கு:

நண்பரே, நானும் மருத்துவன். டாக்டர் கானிடம் கேட்டிருக்க வேண்டும். லாசா, எபோலா போன்ற காய்ச்சல்களை அவரளவுக்கு அறிந்தவர்கள் அந்த நாட்டில் இல்லை. தன் உடலைப் பற்றிய முடிவை அவரே எடுத்திருப்பார். இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் அந்த அமெரிக்கர்கள் மருந்தால்தான் பிழைத்தார்களா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவரான டாக்டர் கென்ட் பிராண்ட்லிக்கு ஸீமேப் மட்டும் கொடுக்கப்படவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றுப் பிழைத்த 14 வயதுச் சிறுவனின் இரத்தமும் ஏற்றப்பட்டது. பிறகு அட்லாண்டாவுக்கு விமானத்தில் கொண்டுபோய், உப்புச்சத்தை நாள்தோறும் அளந்து சரிசெய்து பார்த்துக்கொண்டார்கள். மூன்றில் எது காப்பாற்றியது? அதே மருந்து லைபீரிய மருத்துவர் ஆபிரகாம் போர்போருக்கும் கொடுக்கப்பட்டது, அவர் இறந்துவிட்டார். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஒருவரும் இறந்தார். பிழைத்தவரை மட்டும் வைத்து மருந்தைப் புகழ்வதும், இறந்தவரை மட்டும் வைத்து அதை இகழ்வதும் ஒரே தவறுதான்.

2014 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய அறநெறிக் குழு, நிரூபிக்கப்படாத மருந்துகளைக் கொடுப்பது இந்தச் சூழலில் முறையானதே என்று சொன்னது. கூடவே, கொடுத்தால் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்து உலகுக்குச் சொல்வது கடமை என்றும் சொன்னது. இந்தப் பின்பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

---

மலைத்தேன்:

நான் செவிலியர். கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தும் வார்டில் வேலை பார்த்தவள். எபோலாவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கவச உடைக்குள் நின்றுகொண்டு நோயாளிக்கு ஊசி போட நரம்பு தேடுவது எப்படியிருக்கும் என்று தெரியும். கண்ணாடி ஆவி படிந்துவிடும். இரண்டு உறை போட்ட விரலுக்கு நரம்பு தட்டுப்படாது. எங்களுக்குக் காற்றாடியாவது இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள், அந்த வெயிலில், முழு உடையோடு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே அரிது. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கையைக் குளோரின் நீரில் கழுவ வேண்டும். முகம் தெரியாது என்பதால் மேலங்கியில் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே போவார்கள். வந்திருப்பவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நீங்கள் எல்லோரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறேன். எபோலாவில் மனிதர்கள் இறப்பது பெரும்பாலும் ஊடகங்கள் காட்டுவதுபோல் கண்ணிலும் காதிலும் இரத்தம் வழிந்து அல்ல. வாந்தியும் வயிற்றுப்போக்கும் லிட்டர் கணக்கில் நீரை வெளியேற்றிவிடுகின்றன. பொட்டாசியம் குறைகிறது, சிறுநீரகம் நிற்கிறது, இரத்த அழுத்தம் விழுகிறது. டிரிப்ஸ் ஏற்றுவதும், இரத்தத்தைப் பரிசோதித்து உப்பைச் சரிசெய்வதும் எந்த ஊர் மருத்துவமனையும் அறிந்த வேலைதான். 2014 ஆகஸ்ட், செப்டம்பரில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் கூட்டம் தாங்காமல் டிரிப்ஸ் போடுவதையே நிறுத்தி, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்ன நாட்கள் இருந்தன. எழுந்து உட்கார முடியாதவர் எப்படிக் குடிப்பார்? நூறு படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில் சில செவிலியர்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் வேறென்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 27 பேர். அவர்களில் இறந்தவர்கள் 5 பேர், அதாவது 18.5 விழுக்காடு. அதே வைரஸ், அதே ஆண்டுகள். மேற்கு ஆப்பிரிக்காவில் 28,600 பேருக்கு மேல் நோயுற்று 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த 27 பேரில் பலருக்குச் சோதனை மருந்துகளும் கொடுக்கப்பட்டன, உண்மை. ஆனாலும் இந்த இடைவெளியில் பெரும்பங்கு பராமரிப்பால் வந்தது என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

---

கரிசல்மண்:

மலைத்தேன் சிஸ்டர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போகிறேன். பராமரிப்பைக் கொடுக்க முடியாதவர்களுக்கு ஆராய்ச்சி செய்ய மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது? டிரிப்ஸ் போட ஆளில்லாத இடத்துக்குப் புள்ளிவிவரம் எடுக்க ஆள் வருகிறார்கள். 1976இல் யாம்புக்குவில் முதல் எபோலா நோயாளிகளிடம் கையுறைகூட இல்லாமல் இரத்தம் எடுத்தவர் காங்கோ மருத்துவர் ழான் ஜாக் முயெம்பே. அந்தக் கிராமத்திலிருந்து போன இரத்தத்தை வைத்து பெல்ஜியத்திலும் பிற நாடுகளிலும் வைரஸைக் கண்டறிந்தார்கள். பல பத்தாண்டுகள் புகழ் யாருக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். இரத்தம் அவர்களுடையது, கட்டுரை இவர்களுடையது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு "குலுக்கல் அறிவியல்பூர்வமானது" என்று சொன்னால் அந்த ஊர்க்காரர் ஏன் நம்ப வேண்டும்?

---

எண்ணும்எழுத்தும்:

நான் புள்ளியியல் கற்பிப்பவன். கரிசல்மண் தோழர் சொன்ன வரலாறு மறுக்க முடியாதது. ஆனால் ஆராய்ச்சி எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை என்று சொல்லிவிடாதீர்கள். 2014 ஆகஸ்டில் வெளியான எபோலா மரபணு ஆய்வு ஒன்று, சியரா லியோனின் 78 நோயாளிகளிடமிருந்து கிடைத்த 99 வைரஸ் மரபணுத் தொகுப்புகளைப் படித்து, நோய் மனிதரிலிருந்து மனிதருக்கே தொடர்ந்து பரவுகிறது என்று காட்டியது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஐந்து பேர் அது அச்சாவதற்கு முன்பே எபோலாவால் இறந்திருந்தார்கள். டாக்டர் கான் ஒருவர். கெனெமாவின் தலைமைச் செவிலியர் இம்பாலு ஃபோனி இன்னொருவர். வார்டில் நோயாளியைப் பார்த்தவர்களும் மாதிரியை ஆய்வுக்கு எடுத்தவர்களும் ஒரே மனிதர்கள்.

இப்போது பாலாற்றங்கரையின் கேள்விக்கு வருகிறேன். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த பரிசோதனை ஒன்று நடந்தது. கினியில் 2014 டிசம்பரில் தொடங்கி, ஃபாவிபிராவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 126 பேருக்குக் கொடுத்தார்கள். உங்களைப் போலவே, யாரையும் மறுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வகுத்த திட்டம் அது. முடிவு என்ன? சேரும்போதே இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தவர்களில் 91 விழுக்காட்டினர் இறந்தார்கள். குறைவாக இருந்தவர்களில் 20 விழுக்காட்டினர். மருந்து வேலை செய்ததா? இன்றுவரை விடை இல்லை. வைரஸ் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்ததுபோல் தெரிகிறது, மருந்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. 126 பேரும் அவர்களைக் கவனித்தவர்களும் பட்ட பாட்டிலிருந்து அடுத்த நோயாளிக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட ஸீமேப் பரிசோதனையில் மருந்து பெறாத குழுவில் 35 பேரில் 13 பேர் இறந்தார்கள், பெற்ற குழுவில் 36 பேரில் 8 பேர். பலன் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் முன்கூட்டியே வகுத்த அளவுகோலை எட்டவில்லை. 200 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டவர்களுக்கு 72 பேர்தான் கிடைத்தார்கள் (முடிவைக் கணக்கிட முடிந்தது 71 பேருக்கு), ஏனெனில் தொடங்கியதே 2015 மார்ச்சில். நோய் தணிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். குலுக்கல் போட்டதில் அல்ல, தாமதமாகப் போட்டதில். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த மாதங்கள் எல்லாம் எந்த முறை சரி என்ற வாதத்திலும் அனுமதிக் காகிதங்களிலும் கழிந்தன.

---

பாலாற்றங்கரை:

ஐயா, கணக்கு புரிகிறது. ஆனாலும் மருந்து பெறாத அந்த 35 பேரில் ஒருவர் என் வீட்டார் என்றால்? "உங்களால் அடுத்தவருக்கு விடை கிடைக்கும்" என்று என்னிடம் யார் வந்து சொல்வது?

---

வெண்சங்கு:

இந்தக் கேள்வியைத்தான் 2018இல் காங்கோவில் வேறு விதமாகக் கையாண்டார்கள். சற்று நீளமாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த இழையின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன்.

1995இல் கிக்விட் நகரில் எபோலா வந்தபோது, பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். அதை முன்னின்று செய்தவர் கரிசல்மண் குறிப்பிட்ட அதே முயெம்பே. ஏழு பேர் பிழைத்தார்கள். ஐந்தில் நால்வர் இறந்துகொண்டிருந்த ஊரில் இது அற்புதம். ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் பராமரிப்பு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. நோயின் கடுமையான நாட்களைக் கடந்த பிறகே பலருக்கு ஏற்றப்பட்டது. அதனால் உலகம் நம்பவில்லை. 2015இல் கினியில் பிழைத்தவர்களின் பிளாஸ்மாவை 84 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவுமில்லை. ஆனால் முயெம்பே விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து, நோய் நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, வைரஸை வலுவாகப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியை (நோய் எதிர்ப்புப் புரதத்தை) பிரித்தெடுத்தார்கள். எம்ஏபி114 என்று பெயரிட்டார்கள்.

2018 நவம்பரில் காங்கோவின் வட கிவு மாகாணத்தில் பாம் (PALM) என்ற மருந்துப் பரிசோதனை தொடங்கியது. முயெம்பேயின் ஆய்வு நிறுவனமும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து நடத்தியது. பெனி, புட்டெம்போ, கட்வா, மங்கினா ஆகிய நான்கு இடங்கள், நான்கு மருந்துகள்: ஸீமேப், ரெம்டெசிவிர், எம்ஏபி114, மூன்று ஆன்டிபாடிகள் கலந்த ரெஜென்-ஈபி3. மருந்தே இல்லாத குழு கிடையாது. பாலாற்றங்கரை, உங்கள் வீட்டார் அங்கே சேர்ந்திருந்தால் அவருக்கு ஏதேனும் ஒரு மருந்து உறுதி. எது சிறந்தது என்று அன்றைக்கு உலகில் ஒருவருக்கும் தெரியாது. டிரிப்ஸ், இரத்தப் பரிசோதனை, மலேரியா மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல்.

681 பேர் சேர்ந்தார்கள். 2019 ஆகஸ்டில் கண்காணிப்புக் குழு இடைக்கால எண்களைப் பார்த்துவிட்டு இரண்டு மருந்துகளை உடனே நிறுத்தச் சொன்னது. 28 நாளில் இறந்தவர்கள்: ஸீமேப் பெற்றவர்களில் 49.7 விழுக்காடு, ரெம்டெசிவிர் 53.1, எம்ஏபி114 35.1, ரெஜென்-ஈபி3 33.5. வைரஸ் குறைவாக இருந்தபோதே வந்துவிட்டவர்களில் பின்னிரண்டு மருந்துகளிலும் இறப்பு சுமார் பத்து விழுக்காடு. நோய் தொடங்கிய பின் தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் இறப்பின் வாய்ப்பை ஏற்றியது.

கவனியுங்கள்: குரங்குகளில் அற்புதம் காட்டிய, டாக்டர் கானுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் வருந்துகிற அந்த ஸீமேப் தோற்றது. குலுக்கல் இல்லாமல் "நல்ல மருந்து" என்று அதையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால், வட கிவுவில் எத்தனையோ பேரை நல்லெண்ணத்தோடு இழந்திருப்போம்.

---

மலைத்தேன்:

டாக்டர், ஒரு சேர்க்கை. எம்ஏபி114 ஒரே முறை ஏற்றினால் போதும். ஸீமேப் மூன்று முறை. ரெம்டெசிவிர் பத்து நாட்களுக்குக் குறையாமல் தினமும். கவச உடைக்குள் நின்று ஏற்றுபவளுக்கு இந்த வேறுபாடு சிறியது அல்ல. ஒவ்வொரு முறையும் ஊசி, ஒவ்வொரு முறையும் குத்திக்கொள்ளும் ஆபத்து. மிச்சமாகும் நேரத்தில் இன்னொருவருக்குக் கஞ்சி ஊட்டலாம், படுக்கை விரிப்பை மாற்றலாம்.

---

கரிசல்மண்:

பாம் திட்டம் முந்தையவற்றைவிட நேர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நடந்த சூழலையும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரி இறுதியில் கட்வா மையமும் புட்டெம்போ மையமும் சில நாட்கள் இடைவெளியில் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டன. ஏப்ரலில் புட்டெம்போ மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் கேமரூன் நாட்டு மருத்துவர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்கள் மக்களைக் கொன்றபோது எட்டிப் பார்க்காத உலகம், எபோலா வந்ததும் வாகன வரிசையோடு வந்து நிற்கிறது. நோய் அதே பகுதியில் இருக்கிறது என்று காரணம் சொல்லி 2018 டிசம்பர் தேர்தலில் பெனி, புட்டெம்போ மக்களின் வாக்குரிமையும் தள்ளிவைக்கப்பட்டது. எபோலாவே அரசின் சூழ்ச்சி என்று அவர்கள் நினைத்தால் அறியாமை என்று ஒதுக்காதீர்கள்.

அந்த ஊரில் நம்பிக்கை வளர உதவியவற்றில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மருத்துவ அமைப்பு ஒன்று கொண்டுவந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அறை. கியூப் என்று பெயர். சுவர் முழுவதும் ஒளி ஊடுருவும். சுவரிலேயே கைநுழைக்கும் உறைகள் பதித்திருக்கும். செவிலியர் முழுக் கவசம் இல்லாமல் வெளியே நின்று டிரிப்ஸைச் சரிசெய்யலாம். தாய் மறுபுறம் உட்கார்ந்து மகனைப் பார்க்கலாம், பேசலாம். உள்ளே கொண்டுபோனவரை என்ன செய்தார்கள் என்ற பயத்தால்தானே வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள்? பார்க்க முடிந்தால் சீக்கிரம் கொண்டுவருவார்கள். சீக்கிரம் வந்தால் மருந்து வேலை செய்யும். சோதனைக்கூடம் தராத பலன் இது.

---

கீழ்ப்பாக்கம்வாசி:

ரெம்டெசிவிர் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக விடிய விடிய நின்ற வரிசை என் கண்ணிலேயே இருக்கிறது. கையில் மருந்துச் சீட்டு, ஆதார் நகல், நோயாளியின் ஸ்கேன் முடிவு. நகையை அடகு வைத்துக் கள்ளச்சந்தையில் வாங்கியவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய பரிசோதனை, கொரோனா நோயாளிகளின் இறப்பை இந்த மருந்து குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. வரிசையில் நின்ற ஒருவரிடமாவது யாரும் அதைச் சொன்னார்களா?

பிளாஸ்மாவும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் சோதித்துப் பலனில்லை என்று 2020இலேயே வெளியிட்டது. நல்ல வேலை, நம் நாட்டிலேயே நடந்த வேலை. ஆனாலும் 2021 மே வரை சிகிச்சை நெறிமுறையில் பிளாஸ்மா இருந்தது. ஊர் ஊராக நன்கொடையாளரைத் தேடி அலைந்தோம். விடை கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது வார்டுக்கு வந்து சேர வேண்டும்.

---

இழை நெறியாளர்:

கொரோனா சிகிச்சை பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே எபோலாவையும் அதன் உறவு வைரஸ்களையும் பற்றியே தொடருவோம்.

---

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. குலுக்கல் பற்றிய என் எண்ணம் மாறியிருக்கிறது. மருந்தில்லாக் குழு பற்றிய உறுத்தல் மட்டும் மாறவில்லை. ஒரு கேள்வி: இப்போது இரண்டு மருந்துகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, தடுப்பூசியும் இருக்கிறது. அப்படியானால் எபோலா பிரச்சினை முடிந்ததா?

---

மலைத்தேன்:

முடியவில்லை. பிழைத்தவர்களைக் கேளுங்கள். வைரஸ் கண்ணிலும் மூளையிலும் விந்துவிலும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். கண்பார்வை மங்கியவர்கள், மூட்டுவலியோடு வாழ்பவர்கள் ஏராளம். காங்கோவில் தடுப்பூசியும் போட்டு, எம்ஏபி114உம் பெற்று வீடு திரும்பிய ஒருவருக்கு ஆறு மாதம் கழித்து நோய் திரும்பியது. அவரிலிருந்து 91 பேருக்குப் பரவியது. கினியில் 2021இல் வந்த நோயும், பழைய தொற்றில் பிழைத்தவர் ஒருவரிடமிருந்தே வந்ததாக வைரஸின் மரபணு காட்டியது. குணமானவரை வீட்டுக்கு அனுப்பியதும் கோப்பை மூடிவிடக் கூடாது. கண் மருத்துவரும் மனநல ஆலோசகரும் ஆய்வகமும் அவரைத் தொடர வேண்டும். இதைச் சொல்வதால் பிழைத்தவர்களை ஊர் ஒதுக்கிவைக்கும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வார்டுக்குள் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் நோயிலிருந்து பிழைத்த பெண்கள்தான்.

---

எண்ணும்எழுத்தும்:

மருந்துகளும் தடுப்பூசியும் ஸயர் வகை எபோலாவுக்கு மட்டுமே ஒப்புதல் பெற்றவை. 2022இல் உகாண்டாவில் வந்தது சூடான் வகை. 142 பேருக்கு உறுதியானது, 55 பேர் இறந்தார்கள். சோதனைத் தடுப்பூசிகள் போய்ச் சேர்ந்தபோது நோய் ஓய்ந்திருந்தது. 2015இன் தவறு மறுபடியும். ஆனால் அங்குள்ளவர்கள் அந்தத் திட்டத்தையும் அனுமதிகளையும் குளிர்பதனக் கிடங்கில் தடுப்பூசியையும் தயாராக வைத்துக் காத்திருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் சூடான் வகை மறுபடியும் அறிவிக்கப்பட்டது. நான்காம் நாள் தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கிவிட்டது.

---

வெண்சங்கு:

இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். 2024 செப்டம்பரில் ருவாண்டாவில் மார்பர்க் வைரஸ் வந்தது. எபோலாவின் நெருங்கிய உறவு, பல முறை பாதிக்கு மேல் கொன்ற நோய். 66 பேருக்குத் தொற்றியது, பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். இறந்தவர்கள் 15 பேர். செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட இருவர், குழாய் அகற்றப்பட்டுப் பிழைத்தார்கள். ஆப்பிரிக்காவில் மார்பர்க் நோயாளிகளுக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. மலைத்தேன் சிஸ்டர் சொன்ன பராமரிப்பின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அங்கே சோதனைத் தடுப்பூசி வந்தபோது, சிலருக்கு உடனே, சிலருக்கு 21 நாள் கழித்து என்று பிரிக்க ருவாண்டா மறுத்துவிட்டது. ஆபத்தில் நின்ற பணியாளர் எல்லோருக்கும் உடனே போட்டார்கள். அந்த வார்டுகளில் நான் வேலை பார்த்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். தடுப்பூசி எவ்வளவு காத்தது என்பது மட்டும் அதனால் தெரியாமலே போயிற்று.

---

எண்ணும்எழுத்தும்:

இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை, டாக்டர். 2015இல் கினியில் நோயாளியைச் சுற்றியிருந்தவர்களை வளையங்களாகப் பிரித்து இதே 21 நாள் முறையில்தான் எபோலா தடுப்பூசியைச் சோதித்தார்கள். பலன் தெரிந்த உடனே, ஜூலையில், காத்திருந்த வளையங்களுக்கும் போட்டார்கள். அந்த விடை இருந்ததால்தான் 2018இல் வட கிவுவில் முதல் வாரத்திலிருந்தே தயங்காமல் தடுப்பூசி போட முடிந்தது. அடுத்த மார்பர்க் வரும்போது அந்த ஊர்ச் செவிலியர் "இது வேலை செய்யுமா?" என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

---

கரிசல்மண்:

அந்தச் செவிலியரையே திட்டம் வகுக்கும் குழுவில் உட்கார வையுங்கள், நோய் வருவதற்கு முன்பே. 21 நாள் காத்திருக்கச் சம்மதமா என்பதை அவர் சொல்லட்டும். சம்மதம் என்றால் நானும் சம்மதம்.